எரியாத சிவப்பு விளக்கு

ஒரு வீட்டு ஏசியில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று அறைக்குள்ளே, மற்றது மொட்டை மாடி வெயிலில். இரண்டும் செம்புக் குழாய் வழியாகப் பேசிக்கொள்ளும்.

கோடையில் ஒருநாள் வெளிப்பெட்டி சொன்னது: “அண்ணே, உடம்பெல்லாம் புழுதியும் புறா இறகுமா அடைச்சுக் கிடக்கு. சூடு வெளியே போக வழியில்ல. உங்க சிவப்பு விளக்கை எரிய விடுங்க. மெக்கானிக்கைக் கூப்பிடுவாங்க.”

உள்பெட்டி பதறியது. “சிவப்பு எரிஞ்சா கெட்டுப்போனது நான்னுதான் நினைப்பாங்க. இத்தனை வருஷத்துல என்னை யாரும் ஒரு குறை சொன்னதில்ல. கொஞ்சம் பொறுத்துக்கோ தம்பி.”

வெளிப்பெட்டி பொறுத்துக்கொண்டது. மூன்றாம் நாள், “அண்ணே, தாங்க முடியல, எரியுது” என்றது.

“நாலு நாள்ல மழை வந்துடும்ப்பா” என்றது உள்பெட்டி, பச்சை விளக்கைக் காட்டியபடியே.

அன்று மதியம் குழாயில் ஒரு முனகல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

அறை புழுங்கியது. வீட்டுக்கார அம்மா மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“கம்ப்ரஸர் கருகிப்போச்சும்மா. முன்னாடியே கூப்பிட்டிருந்தா கழுவி விட்டாலே போதுமா இருந்திருக்கும். இப்ப ரெண்டையும் மாத்தணும்.”

“உள்ளே இருக்கிறது நல்லாத்தானே ஓடுது?”

“அதை மட்டும் தனியா வச்சு என்ன பண்றதும்மா?”

சாயங்காலம் இரண்டையும் பழைய இரும்புக் கடை வண்டியில் அருகருகே போட்டார்கள். உள்பெட்டி அப்போதுதான் முதல்முறையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தது. கன்னங்கரேலென்று கருகியிருந்தது.

“இன்னும் நாலு நாள் தாங்கியிருக்கலாமே” என்றது அதனிடம்.