வெந்நீர்த் திரை

கப்பல் பட்டறையிலிருந்து வந்த மொகிச்சியின் கழுத்தெல்லாம் கிரீஸ். ஆறு மணிக்கு மகள் சாயோவின் மாப்பிள்ளை வீட்டாரை முதன்முதலாகப் பார்க்க வேண்டும். "அழுக்கோட வந்து நின்னா சம்பந்தமே போயிடும், ஆமா!" என்று மனைவி காலையிலேயே மிரட்டியிருந்தாள்.

மாப்பிள்ளை இருக்கும் தெருவுக்கு வந்த பிறகுதான், குளித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்த அங்குள்ள பொதுக் குளியல்கூடத்தைப் போன மாதம் மூடிவிட்டது நினைவுக்கு வந்தது. தவித்துப்போய்ப் பார்த்தால், நான்கு வாசல் தள்ளி, குளியல்கூடத்து வாசலில் தொங்கிய அதே நீலத் திரை, 'வெந்நீர்' என்ற வெள்ளை எழுத்தோடு ஆடிக்கொண்டிருந்தது.

"அட, இடம் மாத்திட்டாங்களா!"

துள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தான். காசு வாங்க ஆளைக் காணோம். ஆவி வந்த பக்கம் போய் உடுப்பைக் கழற்றி எறிந்தான்.

உள்ளே முக்காலியில் ஒரு வழுக்கைத்தலையர். அவர் வாயைத் திறக்குமுன், குளியல்கூடத்து வழக்கப்படி மொகிச்சி அவர் முதுகைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான்.

"தொட்டி ரொம்பச் சின்னதாப் போச்சேண்ணே!"

"ஆ... ஆமாம்."

"பொண்ணைக் குடுக்கப்போற வீட்டுக்குப் போறேன். ஆபீஸ் உத்தியோகக் குடும்பம். கூலிக்காரன்னு மூக்கைப் பொத்திக்கிட்டா, எம்பொண்ணு அழுதே செத்துடும்ணே."

"யார் வீடு?"

"கசாமாவாம்."

வழுக்கைத்தலையரின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

"மூடுன குளியல்கூடத்துத் திரையை என் பொண்டாட்டிதான் ஆசைப்பட்டு வாங்கிவந்து, அழகா இருக்குன்னு நம்ம வீட்டு வாசல்ல மாட்டுனா. நான்தான் கசாமா."

மொகிச்சியின் கை அப்படியே நின்றது.

"நிறுத்தாதீங்க சம்பந்தி. இடது பக்கம் இன்னும் பாக்கி."