நான்கு முந்நூறு

மகளின் ஸ்கேனுக்கு மனைவி ரெஜினா கொடுத்த ஆயிரத்து இருநூறை, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிரிப்டோ நாணயமாக மாற்றி, ஆன்லைன் கேசினோவுக்கு முந்நூறு முந்நூறாக நான்கு முறை அனுப்பினான் தேவசகாயம். மொத்தமாகப் போட்டால் மொத்தமாகப் போய்விடும் என்ற பயம். எவ்வளவு அனுப்பினாலும், அனுப்பும் ஒவ்வொரு முறைக்கும் நெட்வொர்க் கட்டணம் நூற்றைம்பது. நான்கு முறையும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் போய்ச் சேர்ந்த மிச்சம், கேசினோ கேட்கும் குறைந்தபட்சத் தொகையைத் தொடவில்லை. கணக்கில் ஏறவுமில்லை, திரும்பி வரவுமில்லை.

"சாமி கும்பிடுறதுக்கு முன்னாடி வழியிலயே தேங்காயை உடைச்சிட்டியேடா!" போனில் சிரித்தான், ஆட்டத்தைப் பழக்கிவிட்ட நண்பன்.

நர்ஸ் மகளின் பெயரைக் கூப்பிட்டாள். ரெஜினா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஆடுனீங்களா?"

மகளின் தலையில் கை வைத்தான்.

"சத்தியமா ஒரு ஆட்டம்கூட ஆடல ரெஜி."

அவன் செய்த சத்தியங்களில் இது ஒன்றுதான் உண்மை. ரெஜினா அந்தக் கையை எடுத்து, விரித்துப் பார்த்தாள்.