களஞ்சியத்தில் மூன்று குழிகள்

பிரதேச சபைக் கூட்டத்துக்கு வரும்போதே தோற்றவளின் முகத்தோடுதான் வந்தாள் மர்ளியா.

பதினாறு உறுப்பினர்களில் பதினைந்து பேர் இடிக்கும் பக்கம். கடற்கரையில் நிற்கும் ஒல்லாந்தர் காலத்து உப்புக் களஞ்சியத்தைத் தரைமட்டமாக்கி, மூன்று மாடியில் கடைத்தொகுதி கட்ட வேண்டுமாம். இன்று கையை உயர்த்தினால் திங்கட்கிழமை இடிக்கிற பெக்கோ இயந்திரம் வந்துவிடும். களஞ்சியத்தின் முன் விறாந்தையில் கருவாடு விற்கும் பதினெட்டுப் பெண்களின் பிழைப்பும் அதோடு சரி. அவர்கள் போட்ட வாக்கில்தான் மர்ளியா சபைக்கே வந்தவள். கட்டடத்தைக் காப்பாற்றக் கேட்டு அவள் கொழும்பிலுள்ள தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதிய ஐந்து கடிதங்களுக்கும் பதில் வரவில்லை.

ஜபார் எழுந்தார். ஊரில் பாதிக் கட்டடங்களைக் கட்டிய ஒப்பந்தக்காரர். மீதிப் பாதியையும் கட்ட ஆசைப்படுகிற உறுப்பினர்.

"தவிசாளர் அவர்களே, அது கட்டடமா? கள்ளன்மார்ர மடம். கஞ்சாக்காரன் அங்க, சூதாடுறவன் அங்க. ஊருல குற்றம் கூடினதுக்கு அந்த நாலு சுவர்தான் காரணம். உடைச்சிட்டா எல்லாம் சரி."

"போன மாசம் உங்கட கடையிலயும்தான் களவு போனது, ஜபார் நானா," என்றாள் மர்ளியா. "அதையும் உடைப்பமா?"

சபை சிரித்தது. சிரித்தவர்கள் கையை எந்தப் பக்கம் தூக்குவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

தவிசாளர் மர்ஸூக் கடிகாரத்தைப் பார்த்தார். "வாக்கெடுப்புக்கு முந்தி பொலிஸ் அறிக்கையக் கேட்டுருவம்."

மாதாமாதம் ஊரின் குற்ற நிலவரத்தை வாசிக்க வரும் இன்ஸ்பெக்டர் கேதீஸ்வரன் கோப்பைத் திறந்தார். மோட்டார் சைக்கிள் களவு குறைந்திருந்தது. தேங்காய்க் களவு கூடியிருந்தது. பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

"அடுத்தது, புதையல் தோண்டினது."

கொட்டாவி பாதியில் நின்றது.

"உப்புக் களஞ்சியத்துக்குள்ள மூண்டு குழி. இடுப்பளவு ஆழம். பக்கத்தில சிவப்புத் துணி, வெத்திலை, வெட்டின எலுமிச்சம்பழம். பலி குடுத்த சேவல் மட்டும் இல்ல."

"கோழி விக்கிற விலையில அவனுகளும் என்ன செய்யிறது," என்றார் தவிசாளர்.

"எப்ப நடந்தது?" ஜபாரின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம். பன்னிரண்டு மணிக்கு எங்கட கான்ஸ்டபிள் பாத்தப்ப குழி இல்ல. ரெண்டு மணிக்கு இருந்தது. யோசிச்சுத்தான் செய்திருக்கிறாங்கள். ஊர் ஆம்பிளையள் முழுக்கப் பள்ளிவாசல்ல. மீன்பிடிக்கிற ஆக்கள் எத்தாளைப் பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டு நிண்டவங்க. விறாந்தையில கருவாடு விக்கிற மார்த்தாவையும் விசாரிச்சம். வெள்ளிக்கிழமையில பதினொரு மணிக்கே சாமானக் கட்டிட்டுப் போயிருவாங்களாம்." அவர் ஒரு தாளைத் திருப்பினார். "குறைஞ்சது பதினைஞ்சு ஆள்ர வேலை இது. ஆள்பலம் உள்ள ஆரோதான் பின்னால நிண்டு செய்விச்சிருக்கிறாங்க."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "அண்டைக்கு ஜும்ஆவுக்குப் பிந்தி வந்த ஒரே ஆள் ஜபார் நானாதான் எண்டு கேள்விப்பட்டன்."

பதினைந்து தலைகளும் திரும்பின. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும் ஜபாருக்கு வேர்த்தது.

"பாலாவியில டயர் பஞ்சராப் போச்சு. வேணுமெண்டா டயர் கடையில கேளுங்க."

"கேக்கத்தான் போறன். உங்கட மேசன்மாரையும் கேப்பன்."

இடிப்பதில் மனிதருக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்பது இப்போதுதான் பலருக்கும் விளங்கியது போலிருந்தது. பக்கத்திலிருந்த உறுப்பினர் தன் கதிரையை ஓசைப்படாமல் நகர்த்திக்கொண்டார்.

மர்ளியா மெல்லக் கேட்டாள். "அந்தக் குழிகள மூடிட்டுத் திங்கக்கிழம உடைக்கலாம்தானே, சேர்?"

"உடைக்கிறதா? இது தொல்பொருள் வழக்கு. நேற்று நீதவான் உத்தரவு போட்டுட்டார். வழக்கு முடியிற வரைக்கும் ஒரு கல்லையும் அசைக்க ஏலாது. விறாந்தையில கருவாடு விக்கிற ஆக்கள் வழமை போல இருக்கட்டும். ஆள் நடமாட்டம் இருந்தா எங்களுக்கும் காவல்தான்."

"வழக்கு எப்ப முடியும்?" என்று கேட்டார் ஜபார்.

காணி வழக்கில்லாத குடும்பத்திலிருந்து வந்தவர் அந்தச் சபையில் ஒருவரும் இல்லை. தன்னுடைய வாப்பா தொடங்கிய வழக்கைத் தானே இழுத்துக்கொண்டிருக்கும் தவிசாளர் பெருமூச்சு விட்டு, பிரேரணையைக் காலவரையறை இல்லாமல் ஒத்திவைத்தார். ஜபார் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார்.

மர்ளியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படிகளில் ஓடாத குறையாக இறங்கினாள். வாசலில் கருவாட்டுக் கூடையோடு மார்த்தா காத்து நின்றாள்.

"என்ன புள்ள, உடைக்கப் போறாங்களா?"

"இல்ல மார்த்தாக்கா. வழக்குப் போட்டாச்சு. இனி அது நம்மட பேரப்புள்ளைகள்ர காலத்துலதான் முடியும்."

மார்த்தா சிலுவை போட்டுக்கொண்டாள். "ஆரப் புடிக்கப் போறாங்களாம்?"

"ஆம்பிளையளத்தான் தேடுறாங்க."

"அப்ப ஒளிச்சு வெச்ச மம்மட்டியெல்லாத்தையும் எடுத்துக் குடுத்துருவம்," என்றாள் மார்த்தா. "வெள்ளிக்கிழமையிலிருந்து பதினெட்டு வீட்டு ஆம்பிளையளும் அதத்தான் தேடிக்கொண்டு நிக்கிறாங்க."