அதிராத கார்

வாசலில் ஜாக்கி வைத்து இன்ஜினைத் தாங்கி, அண்ணன் மாதவராஜின் ஸ்போர்ட்ஸ் காருக்குப் அதிர்வை உறிஞ்சும் புது ரப்பர் மவுண்ட் மாட்டி முடித்தான் பிரபாகர்.

“பழைய மவுண்ட்டுல ரப்பர் கல்லு மாதிரி இறுகிக் கெடந்துச்சுங்க அண்ணி. அதான் வண்டி அந்த நடுங்கு நடுங்குச்சு. இனிமே வூட்டுல உக்காந்த மாதிரி இருக்கும்.”

அண்ணி கலைமதி சிரித்தாள். மாதவராஜ் காரை எடுத்துக்கொண்டு காரிமங்கலம் வரை போய் வந்தான். இன்ஜினை அணைக்காமலே இறங்கியவன், கழற்றிப் போட்டிருந்த பழைய மவுண்ட்டை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தான்.

பிரபாகருக்குச் சுருக்கென்றது. “பெங்களூர்ல இருந்து வரவழைச்சு, காலையில இருந்து அடியில கெடந்து மாட்டுனேன். மறுபடி பழசையே மாட்டணுமா? துளி ஆட்டம் இல்லையே அண்ணி, இன்னும் என்ன குறையாம்?”

கலைமதி கணவனைப் பார்த்தாள். அவன் விரல்கள் வேகவேகமாக அசைந்தன. பார்த்து முடித்துவிட்டுத் திரும்பினாள்.

“அந்த ஆட்டந்தான் இல்லைங்கறாரு தம்பி. நீங்க இன்ஜின் சத்தத்தக் கேட்டு கியர் மாத்தறீங்க. இவரு சீட்டுலயும் ஸ்டியரிங்குலயும் வர்ற அதிர்வ வெச்சுத்தான் மாத்துவாராம்.”

பிரபாகர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டான்.

இன்ஜின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்றே தெரியவில்லை.