ரிப்பன் கட்டிய சட்டி

மூடியைத் திறந்ததும் ஜிங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கருவாடு பொரித்த எண்ணெய் உள்ளே மஞ்சள் கோந்தாக உறைந்திருந்தது. மூடியின் விளிம்பில் ஒரு கரப்பான் கால் வேறு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மூக்கைச் சுளிக்கிற? உங்க கடைச் சட்டிதான்," என்றாள் திருமதி வில்லாருவேல்.

மக்காத்தி நகரத்திலேயே பெரிய இடத்துப் பாத்திரக் கடை அது. ஒரு கரண்டியைக்கூட வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டுதான் எடுத்துக் காட்டுவார்கள். அந்தக் கண்ணாடி மேசைமேல் இந்த அசிங்கம் உட்கார்ந்திருந்தது.

"மாத்திக் கொடுக்கணுமா மேடம்? பில் இருக்குங்களா?"

"மாத்தவும் வேணாம், ஒண்ணும் வேணாம். நல்லாத் தேய்ச்சு, புதுப் பெட்டியில வச்சு, உங்க தங்க ரிப்பனைக் கட்டிக் கொடு. கல்யாணப் பரிசு."

ஜிங்கிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "இதையா மேடம்?"

"இதையேதான். ஆறு வருஷமா வேலைக்காரி கருவாடு பொரிக்கிறா, ஒரு கீறல் விழுந்திருக்கா பாரு."

"பொருள் வாங்காம பெட்டி மட்டும் கொடுக்கிற வழக்கம் இல்லீங்க."

"சும்மாவா கேக்கறேன்? ஒரு மரக்கரண்டி வாங்கிக்கிறேன்ல."

சொல்லிவிட்டு, கண்ணாடி அறையில் இருந்த மேலாளரைப் பார்த்துத் தன் தங்க நிற வாடிக்கையாளர் அட்டையை ஆட்டினாள். அவர் எழுந்துகூட வரவில்லை. செய்து கொடு என்று அங்கிருந்தே தலையசைத்தார்.

கடையின் மூலையில் செய்முறை காட்டும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. சமையல்காரர் பூண்டு போட்டு இறால் வதக்கி, வருகிறவர்கள் ருசி பார்க்கத் தட்டில் வைத்திருந்தார். திருமதி வில்லாருவேல் ஒன்றை எடுத்துத் தின்று, விரலைச் சூப்பி, அதே விரலால் தட்டைக் கிளறிப் பெரிய இறாலாகப் பொறுக்கினாள். பிறகு விற்பனைக்கு மடித்து வைத்திருந்த லினன் துணியில் கையைத் துடைத்தாள். சமையல்காரர் தட்டில் மிச்சமிருந்ததைக் குப்பையில் கொட்டினார்.

ஜிங்கி சோடா மாவைத் தூவி, வினிகர் ஊற்றித் தேய்த்தாள். பழுப்பு நிறத்தில் கசடு கழன்று வந்தது. 

"யார் கல்யாணம் மேடம்?"

"எங்க கம்பெனியில லாரி ஓட்டுற பையன், ஆர்னெல்னு. கல்யாணத்துல ஞானத்தாயா வந்து நிக்கணும்னு ஒரு கூடை மாம்பழத்தைத் தூக்கிட்டு வந்து கெஞ்சினான். இப்பவே வாய் நிறைய நினாங், நினாங்னு ஞானத்தாய் முறை வச்சுக் கூப்பிடுறான். பொண்ணு எட்டிக்கூடப் பாக்கல. லீவு கிடைக்கலியாம். என்ன பெரிய மந்திரி வேலையோ."

ஜிங்கியின் கை ஒரு கணம் நின்றது. சட்டியின் அடியில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"வாடை முழுசாப் போகாது மேடம். பொண்ணு கண்டுபிடிச்சிடுவா."

"அவளா? இந்த மாதிரிச் சட்டியைப் பிறந்ததுல இருந்து தொட்டிருக்க மாட்டா. புதுசு எது, பழசு எதுன்னு அவளுக்கு என்ன தெரியும்? பெட்டியப் பாத்ததுமே என் கையை எடுத்து நெத்தியில ஒத்திக்குவா."

"புதுசாவே ஒண்ணு வாங்கிக் கொடுத்திடலாமே, மேடம்."

"லாரிக்காரன் பொண்டாட்டிக்கா? நல்லா இருக்கு." திருமதி வில்லாருவேல் பல்லிடுக்கில் சிக்கிய இறால் நாரை நகத்தால் எடுத்துத் தொட்டிக்குள் சுண்டினாள். "மேயர் சம்சாரமும் ஞானத்தாயா நிக்கிறா. போன கல்யாணத்துல அவ கொடுத்த பரிசைப் பத்தி ஊரே ரெண்டு மாசம் பேசிச்சு. நான் கொடுத்த தட்டை ஒருத்தர் திரும்பிப் பாக்கல. இந்தத் தடவை விருந்துல எல்லார் முன்னாடியும் பெட்டியப் பிரிக்கும்போது என் பேர்தான் அடிபடணும். அவ மூஞ்சி சுருங்கணும், அதை நான் பாக்கணும்."

ஜிங்கி குழாயைத் திறந்துவிட்டாள். சட்டியை மூன்று முறை கழுவித் துடைத்தாள். வெளியே பச்சை எனாமல் பளபளவென்று மின்னியது. உள்ளே முகர்ந்தால் இன்னும் மீன் சந்தைதான்.

பெட்டியில் வைத்து, மெல்லிய தாளைச் சுற்றி, தங்க ரிப்பனைக் கட்டினாள். கடையின் சின்னம் மேலே தெரியும்படி முடிச்சை நகர்த்தினாள்.

"வாழ்த்து அட்டையில பேர் எழுதணும் மேடம்."

"ஆர்னெல்னு போடு. பொண்ணு பேரு என்ன எழவோ, பத்திரிகையை இன்னும் பிரிக்கவே இல்ல. கீழ என் பேரை மட்டும் பெரிசா எழுது."

ஜிங்கி நிதானமாக மூன்று பெயர்களையும் எழுதி நீட்டினாள். திருமதி வில்லாருவேல் தன் பெயர் போதுமான அளவு பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். திருப்தியாக இருந்தது.

"கையெழுத்து அழகா இருக்கே. சரி, சட்டியத் தூக்கிட்டு நான் கோயிலுக்குள்ள நடக்க முடியாது. இன்னிக்கே பொண்ணு வீட்டுக்கு அனுப்பிடு. சனிக்கிழமை அவங்களே மண்டபத்துக்குக் கொண்டு வரட்டும். இரு, பத்திரிகையில விலாசம் இருக்கும்."

அவள் கைப்பையைத் துழாவத் தொடங்கினாள். ஜிங்கி பெட்டியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தேட வேணாம் மேடம். விலாசம் எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அது எங்க வீடுதான், நினாங்."