நாற்பத்திரண்டு மார்க்

"நாப்பத்திரண்டு, நாப்பத்தொண்ணு, நாப்பது. இது மார்க்கா, செருப்பு சைஸா?"

பேராசிரியை மதிப்பெண் தாளை மேசைமேல் போட்டார். எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார் ஏனக்கா. எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்பதால் வகுப்புத் தோழிகள் வைத்த பெயர் அது.

வேலைக்குப் போகும் பெண்களுக்காக மதியம் நடக்கிற பெண்ணியல் பட்டப்படிப்பு. இருபது வயதிலும் ஆள் உண்டு, ஐம்பது வயதிலும் உண்டு. சமையலும் தையலும் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துச் சேர்ந்து, இரண்டாம் வாரமே கம்பி நீட்டியவர்களும் உண்டு. மூன்று வருடமாக ஒரு நாள் தவறாமல் வந்தது ஏனக்கா ஒருவர்தான். அதிகாலையில் ஓட்டல் சலவைக்கூடத்தில் போய் நின்றால், மதியத்துக்குள் நானூறு படுக்கை விரிப்புகளைத் தேய்த்து முடிக்க வேண்டும். அதை முடித்த கையோடு, கண் எரிய எரிய முதல் வரிசையில் வந்து உட்காருவார்.

"வகுப்புல நீங்க கேக்கற கேள்விக்கு நான் வீட்டுக்குப் போய்ப் படிச்சுட்டு வந்து பதில் சொல்றேன். வீட்டு வேலைக்கு யார் சம்பளம் தரணும்னு ஒரு கட்டுரை எழுதினீங்களே, மூணு தடவை படிச்சேன். எழுத்துப் பிழை இருக்கு, யோசனையில பிழையே இல்ல. அப்படிப்பட்ட ஆளுக்குப் பரீட்சை ஹாலுக்குள்ள போனதும் என்னதான் ஆகுது?"

ஏனக்கா தரையைப் பார்த்தார்.

பரீட்சை நடப்பது வேறொரு கல்லூரியில். மேற்பார்வை பார்ப்பதும் விடைத்தாள் திருத்துவதும் வெளியாட்கள். அங்கே நடக்கிற கூத்து பேராசிரியைக்குத் தெரிய வழியே இல்லை.

"பயமா?"

"இல்லீங்க மேடம்."

"கை வலியா? மூணு மணி நேரம் எழுத முடியலையா? நீங்க சொல்லச் சொல்ல எழுதறதுக்கு ஆள் கேக்கலாம், விதியில இடம் இருக்கு."

"கை நல்லாத்தான் இருக்கு மேடம்."

பேராசிரியை குரலைத் தாழ்த்தினார். அவருடைய பாடத்தில் அடுத்த கேள்வி எப்போதும் அதுதான்.

"வீட்டுக்காரர் அடிக்கறாரா?"

"அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. இருந்தப்பவும் அடிக்கல மேடம். அடிக்கற அளவுக்கு அவர் என்னை கவனிச்சதே இல்ல."

பேராசிரியைக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்ப வீட்டு வேலையா? பொண்ணு ஒருத்தி இருக்கான்னு சொன்னீங்களே, பரீட்சை நேரத்துலயாவது அவ கொஞ்சம் செய்யக் கூடாதா?"

"பாவம், அவளுக்கும் பகல் பூரா வேலை மேடம். வந்ததும் அப்படியே சுருண்டு படுத்துடுவா."

"எல்லா அம்மாவும் இதையேதான் சொல்றீங்க."

சலிப்போடு இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"கேளுங்க. மேல்படிப்புக்கு ஒரே ஒரு இலவச இடம். மாசாமாசம் உதவித்தொகையும் உண்டு. சலவைக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுடலாம். நான் யாரைச் சொல்றேனோ அவங்களுக்குத்தான். கடைசிப் பரீட்சையில அறுபது வாங்கினா போதும். உங்களால தூங்கிக்கிட்டே வாங்க முடியும்."

"எனக்கு எதுக்கு மேடம் அதெல்லாம்..."

"உங்களுக்கு இல்ல, எனக்கு. இருபத்தாறு வருஷமா நடத்தின பாடத்தையே நடத்தி அலுத்துப் போச்சு. பாதிப் பேர் போனைப் பாக்கறாங்க, மீதிப் பேர் கடிகாரத்தைப் பாக்கறாங்க. இந்த நாற்காலிக்கு உங்களை மாதிரி ஒருத்தர் வருவார்னு தெரிஞ்சா, நான் நிம்மதியா வீட்டுக்குப் போவேன். இந்தாங்க. பேரெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

ஏனக்கா இரண்டு கையாலும் கடிதத்தை வாங்கினார். ஒவ்வொரு வரியாக, உதடு அசையப் படித்தார். 'இந்தத் துறை கண்ட மிகச் சிறந்த மாணவி' என்று எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். அந்தத் தாளைத் திருப்பித் தர அவருக்கு மனசே வரவில்லை. அழுகை வந்தது.

"அழாதீங்க. அறுபது வாங்கிட்டு அழுங்க. பேர் சரியா?"

"பேர் சரியாத்தான் இருக்கு மேடம். ஆனா அது என் பொண்ணு பேரு."

பேராசிரியையின் பேனா அந்தரத்தில் நின்றது.

"பேங்க்ல தற்காலிகமா இருக்கா. டிகிரி இருந்தாத்தான் நிரந்தரம் பண்ணுவாங்களாம். பரீட்சைக்கு லீவு தர்றாங்க, வகுப்புக்குத் தர மாட்டேங்கறாங்க. அட்டெண்டன்ஸ் குறைஞ்சுடக் கூடாதேன்னுதான் அவளுக்குப் பதிலா நான் வந்து உக்காந்தேன். அப்புறம் பாடம் பிடிச்சுப் போச்சு. பரீட்சை எழுதறதெல்லாம் அவதான். நான் எட்டாவதோட நின்னவ."

கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஏனக்கா எழுந்தார். வாசல்வரை போய்த் தயங்கி நின்றார்.

"அடுத்த வருஷம் சேர்ற பொண்ணுங்கள்ல யாருக்காவது வகுப்புக்கு வர முடியலன்னா எனக்குச் சொல்லி அனுப்புங்க மேடம். அவங்க பேர்லயும் வந்து உக்காந்துக்கறேன்."