அஞ்சு மில்லி ரத்தம்

"உன் ரத்தம் கொஞ்சம் வேணும்."

ஐந்து வருஷம் கழித்து மகளைப் பார்க்க வந்த அப்பா பேசுகிற முதல் பேச்சா இது?

மூக்குக்கண்ணாடிக் கடையில் யாருடைய பிரேமுக்கோ திருகு முடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் அப்பா. முப்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக மாடி மாடியாய் ஏறி இறங்கிய உடம்பு பாதியாய் இளைத்திருந்தது.

"எதுக்கு?"

"எனக்குப் புராஸ்டேட்ல புற்றுநோயாம். ஜீன் டெஸ்ட் எடுக்கணும்கறாங்க. பெத்த பிள்ளையோட ரத்தமும் வேணுமாம். அப்பத்தான் எனக்கு என்ன மருந்துன்னு முடிவு பண்ணுவாங்களாம்."

அவள் குனிந்து மறுபடி திருகை முடுக்கினாள்.

"அது ஆம்பளைங்களுக்கு வர்ற வியாதியாச்சே. அதுக்கு என் ரத்தம் எதுக்கு?"

"நான் என்ன டாக்டரா? கேட்டாங்க, வந்தேன். வியாழக்கிழமை பத்து மணி. முடியுமா, முடியாதா?"

கெஞ்சவில்லை, கொஞ்சவில்லை. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கேஷியர் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"புருஷன் கை நீட்டிட்டான்னு பெட்டியோட வந்து நின்னப்போ, 'அனுசரிச்சுப் போம்மா'ன்னு வாசலோட திருப்பி அனுப்பினவரு இவருதானே?"

"ம்."

"இப்ப தனக்கு ஒண்ணுன்னதும் மகள் ஞாபகம் வந்துடுச்சு. காரியம் ஆகணும்னா கழுதைக் காலையும் பிடிப்பாங்க."

"இதுல கழுதை நானாக்கா?"

"சிரிக்காதே. நீ போகப் போறியா?"

"கொடுத்துட்டு வந்துடறேன். அஞ்சு மில்லிதானே. அத்தோட சரி."

அன்று வாசலிலிருந்து திரும்பியவள் புருஷன் வீட்டுக்கும் போகவில்லை, அப்பா வீட்டுக்கும் போகவில்லை. இந்தக் கடை மாடியில் ஓர் அறை பிடித்துத் தனியாக நின்றுகொண்டாள். முதல் வருஷம் அப்பா போன் செய்து பார்த்தார். இவள் எடுக்கவில்லை. அப்புறம் அவரும் விட்டுவிட்டார். வீம்பில் அப்பனுக்குத் தப்பாத மகள். அதைக் கண்டுபிடிக்க ஜீன் டெஸ்ட்டே தேவையில்லை.

வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே போய்விட்டாள். அப்பா அதற்கும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியா?"

"ரத்தம் கொடுக்கத்தான் வந்தேன். விருந்துக்கு வரலை."

கழுத்துப் பட்டனைப் போட்டிருந்தும் அவர் சட்டை தொளதொளவென்று தொங்கியது. மூன்று நாளாகக் கோபம் கோபம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் பயம்தான் என்று அப்போது அவளுக்கே புரிந்தது. இவர் போய்விட்டால் யாரோடு பேசாமல் இருப்பது?

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. அவள் மட்டும் உள்ளே போனாள்.

மரபணு ஆலோசகர் என்று மேஜையில் பலகை. அவள் வயதுப் பெண். நர்ஸ் ஊசியைப் பிரிக்கப் போக, அந்தப் பெண் கையமர்த்தினாள்.

"ஒரு நிமிஷம். முதல்ல இதைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. இது எதுக்கான டெஸ்ட்னு தெரியுமில்லையா?"

"தெரியும். எங்கப்பாவுக்கு மருந்து முடிவு பண்ண."

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவரோட டெஸ்ட் எல்லாம் முடிஞ்சுதுங்க. மருந்து ஆரம்பிச்சே மூணு வாரமாச்சு. நல்லா கேட்குது."

"அப்ப என் ரத்தம்?"

"அவருக்கு உங்க ரத்தம் தேவையே இல்லை. இது உங்களுக்கான டெஸ்ட்."

கோபப்படுவதா, அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "புரியலையே."

"நோய்க்குக் காரணமான ஒரு மரபணு மாற்றம் அவர்கிட்ட இருக்கு. அது உங்களுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண்களுக்குப் புராஸ்டேட்ல வர்றது, பெண்களுக்கு மார்புலயோ சினைப்பையிலயோ வரலாம். இருக்குன்னு இப்பவே தெரிஞ்சா வருஷா வருஷம் பார்த்து முளையிலேயே கிள்ளிடலாம். இல்லைன்னா நிம்மதியா வீட்டுக்குப் போகலாம்."

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். அப்பா இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் திரும்பியதும் சட்டென்று சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இதை நேரா சொல்லித் தொலைச்சிருக்கலாமே! எதுக்கு இந்தப் பொய்?"

"நானும் அதைத்தான் சொன்னேங்க. 'உங்க மகளோட உயிர் சமாச்சாரம், உள்ளதைச் சொல்லியே கூப்பிடுங்க'ன்னு."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

ஆலோசகர் லேசாகச் சிரித்தாள்.

"'படிக்கிற காலத்துல பல்வலியை எட்டு மாசம் மறைச்சவம்மா அவ. தனக்காகன்னா வரவே மாட்டா. எனக்காகன்னா, என்னைத் திட்டிக்கிட்டே முதல் ஆளா வந்து நிப்பா'ன்னாரு."